பிரஷர் மெஷின் பொய் சொல்கிறதா?

காலையில் எழுந்து பார்த்தால் 152/94. திகைத்துப்போய் மறுபடி பொத்தானை அழுத்தினால் 141/88. மூன்றாவது தடவை 134/83. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று எண்கள் வந்தால் மெஷின் மேல் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் மூன்றுமே உண்மையாக இருக்கலாம். உயரத்தையோ எடையையோ போல இரத்த அழுத்தம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, துடிப்புக்குத் துடிப்பு மாறும். தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்கும், விழிக்கும் நேரத்தில் ஏறும், பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறும்.

அதனால் வீட்டில் பிரஷர் பார்ப்பவர் தேட வேண்டியது பல நாள் எண்களின் சராசரியை. அந்தச் சராசரிக்குள் போகும் ஒவ்வொரு எண்ணும் ஒரே முறையில் எடுத்ததாக இருக்க வேண்டும். இதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை எண்ணை மேலேதான் தள்ளும். இரண்டு மூன்று தவறுகள் சேர்ந்தால், மாத்திரையே தேவைப்படாதவர் நோயாளியாகத் தெரிவார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறார். மெஷினுக்குக் காது இல்லையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கையில் சுற்றிய பட்டை ஊதும்போது தமனி முழுவதும் அமுங்கி இரத்த ஓட்டம் நின்றுவிடும். காற்றை மெல்ல விடும்போது இரத்தம் மறுபடி பாயத் தொடங்கும். அந்த நேரத்தில் எழும் சத்தத்தைக் கேட்டு அளப்பது 1905ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோஃப் சொன்ன முறை. முதல் சத்தம் கேட்கும் இடம் மேல் அளவு, சத்தம் மறையும் இடம் கீழ் அளவு.

தானியங்கி மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. ஒவ்வொரு துடிப்பும் பட்டைக்குள் இருக்கும் காற்றை லேசாக அசைக்கும். அந்த அசைவு எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அது சராசரி அழுத்தம். மேல் அளவையும் கீழ் அளவையும் அதிலிருந்து தனக்குள் இருக்கும் கணக்கை வைத்து மெஷின் வருவித்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பட்டைக்குள் வரும் அசைவு துடிப்பால் வந்ததா, நீங்கள் விரலை மடக்கியதால் வந்ததா என்று மெஷினுக்குத் தெரியாது. ஊதி முடித்த பிறகு மறுபடி தானாகவே ஊத ஆரம்பித்தால், நடுவில் நீங்கள் அசைந்திருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் அர்த்தம்.

எந்த மெஷின் வாங்குவது?

மேல் கையில் பட்டை சுற்றும் தானியங்கி மெஷின். மணிக்கட்டில் கட்டுவதில், கையை நெஞ்சு உயரத்தில் சரியாகப் பிடிக்காவிட்டால் எண் புரண்டுவிடும். மேல் கை மிகப் பருமனாக இருந்து எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களுக்கு மட்டும் அது மாற்று வழி. விரலில் மாட்டுவது வேண்டாம். பட்டையே இல்லாமல் பிரஷர் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும், அந்த மாடல் சுயேச்சையான சோதனையில் தேறியதா என்பதுதான் கேள்வி. பல நாட்டு இரத்த அழுத்த மருத்துவச் சங்கங்கள் அப்படித் தேறிய மாடல்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. வாங்கும் முன் மாடல் எண்ணை அதில் தேடிப் பாருங்கள். ப்ளூடூத், வண்ணத் திரை எல்லாம் வசதிதான், துல்லியத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

பட்டையின் அளவு அவ்வளவு முக்கியமா?

மெஷினைவிட முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1896ல் ரிவா ரோச்சி உருவாக்கிய முதல் பட்டை ரொம்பக் குறுகலாக இருந்ததால் அளவு கூடுதலாகக் காட்டியது. 1901ல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் அதை அகலமாக்கினார். நூற்றி இருபது ஆண்டு கழித்தும் அதே தவறு வீடுகளில் தொடர்கிறது.

தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இடத்தில் தையல் டேப்பை இறுக்காமல் சுற்றிக் கையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் பாருங்கள். பட்டையின் மேல் அது எந்தச் சுற்றளவுக்கு என்று அச்சடித்திருக்கும். பல மெஷின்களோடு வரும் வழக்கமான பட்டை சுமார் 22 முதல் 32 வரைதான் பொருந்தும், சில மாடல்களில் இந்த எல்லை மாறும். உங்கள் கை 34 என்றால் பெரிய பட்டையைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அதே மாடலுக்கு உரியதாக. வேறு நிறுவனத்தின் பட்டையைக் குழாய் பொருந்துகிறதே என்று மாட்டினால் மெஷினின் உள்கணக்கு தப்பிவிடும்.

தப்பினால் எவ்வளவு தப்பும்? 2023ல் வெளியான ஓர் ஆய்வில் எல்லோருக்கும் வழக்கமான பட்டையையே சுற்றிப் பார்த்தார்கள். பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு மேல் அளவு சுமார் 5 கூடுதலாக வந்தது, மிகப் பெரியது தேவைப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 20. சிறிய பட்டை தேவைப்பட்ட ஒல்லியான கைகளில் சுமார் 4 குறைவாகக் காட்டியது. 20 என்பது நல்ல அளவுள்ளவரை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பப் போதுமான வித்தியாசம்.

சரி, எப்படி உட்கார்ந்து பார்ப்பது?

அரை மணி நேரத்துக்கு முன்பே ஆரம்பிக்கிறது. அந்த அரை மணியில் காபி, டீ, சிகரெட், சாப்பாடு, உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.

முதுகு சாய்மானம் உள்ள நாற்காலி, பக்கத்தில் மேசை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் முதுகுக்குத் தாங்கல் இருக்காது, சோபாவில் உட்கார்ந்தால் கை வைக்க உயரம் கிடைக்காது. இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. குள்ளமானவர்களுக்குப் பாதம் எட்டவில்லை என்றால் கீழே ஒரு பலகையைப் போடுங்கள்.

பட்டை வெறும் தோலின் மேல் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டு போல இறுக்கும், கையைச் சட்டையிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். அதிலுள்ள அம்புக்குறி அல்லது கோடு முழங்கையின் உட்பக்கத் தமனிக்கு நேரே வர வேண்டும். சுற்றிய பிறகு உள்ளே இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழைந்தால் தளர்வு.

பிறகு 5 நிமிடம் சும்மா இருங்கள். பலர் தவறவிடுவது இங்கேதான். பட்டையைச் சுற்றிக்கொண்டு போனைப் பார்ப்பது சும்மா இருப்பதில் சேராது, டிவி செய்தியும் சேராது. மெஷின் ஊதும்போது யாராவது ஏதாவது கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். பேச்சு மட்டுமே மேல் அளவை 10 வரை ஏற்றிவிடும்.

கை மேசைமேல், உள்ளங்கை மேல்நோக்கி, தளர்வாக. பட்டையின் நடுப்பகுதி நெஞ்சின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் கைக்குக் கீழே தலையணை வையுங்கள். கையை நீங்களே தூக்கிப் பிடிக்கக் கூடாது, தசை இறுகினால் எண் ஏறும்.

இந்த உயர விஷயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள், கீழே போகப் போக அழுத்தம் கூடும். உடம்புக்குள் இரத்தமும் அப்படித்தான். பிரஷர் எண்கள் பாதரசத்தின் மி.மீ. உயரத்தில் சொல்லப்படுபவை. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது, இரத்தம் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். கணக்குப் போட்டால் கை நெஞ்சுக்குக் கீழே 10 சென்டிமீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட 8 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்ட வேண்டும், அத்தனை தூரம் மேலே போனால் அதே அளவு குறைய வேண்டும். 2024ல் வெளியான ஓர் ஆய்விலும், மேசைமேல் வைத்த கையோடு ஒப்பிட, மடியில் வைத்தபோது மேல் அளவு சுமார் 4, பக்கவாட்டில் தொங்கவிட்டபோது சுமார் 6.5 அதிகமாக வந்தது. கையை மடியில் போட்டுக்கொண்டு பார்க்கும் பழக்கம் ரொம்பப் பேருக்கு உண்டு.

எந்தக் கையில்?

முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். ஐந்தாறு வித்தியாசம் சாதாரணம். திரும்பத் திரும்பப் பார்த்தும் 10க்கு மேல் வித்தியாசம் வந்தால், எந்தக் கை அதிகம் காட்டுகிறதோ அதிலேயே இனி எப்போதும் பாருங்கள். 15க்கு மேல் என்றால் டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், குறைவாகக் காட்டும் கையின் தமனியில் அடைப்பு இருக்க வாய்ப்புண்டு. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்த இணைப்பு) போட்ட கையில் பட்டை சுற்றவே கூடாது. மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் மறுபக்கக் கையைப் பயன்படுத்துங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எத்தனை நாள்?

டாக்டரைப் பார்க்கப் போகும் முன், 7 நாள். காலையில் இரண்டு தடவை, மாலை அல்லது இரவில் இரண்டு தடவை, ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் 1 நிமிடம் இடைவெளி. காலை அளவை எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்த பிறகு, மாத்திரையும் காலைச் சாப்பாடும் எடுக்கும் முன் பார்க்க வேண்டும். மாத்திரைக்கு முன் ஏன் என்றால், முந்தின நாள் போட்ட மாத்திரை 24 மணி நேரம் தாக்குப்பிடிக்கிறதா என்று தெரிவது அந்த நேரத்தில்தான். மாத்திரை போட்டு மூன்று மணி நேரம் கழித்து மட்டுமே பார்ப்பவருக்கு எண்கள் எப்போதும் அழகாக இருக்கும், விடியற்காலையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முதல் நாள் எண்களை விட்டுவிடுங்கள். புதுப் பழக்கத்தின் பதற்றம் அதில் இருக்கும். மிச்சம் 6 நாளுக்கு 24 அளவுகள். மேல் எண்களை எல்லாம் கூட்டி 24ஆல் வகுங்கள், கீழ் எண்களையும் அப்படியே. மேல் எண்களின் மொத்தம் 3,264, கீழ் எண்களின் மொத்தம் 2,016 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 136/84. டாக்டரிடம் சொல்ல வேண்டியது இதுதான். நடுவில் ஒரு நாள் 158 வந்தது என்பதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

எழுதும்போது இரண்டு திருட்டுத்தனம் நம்மை அறியாமலே நடக்கும். 137ஐ 140 என்றோ 135 என்றோ உருட்டி எழுதுவது ஒன்று. பிடிக்காத எண் வந்தால் அதை எழுதாமல் மறுபடி அழுத்திப் பார்ப்பது இன்னொன்று. வந்த எண்ணை வந்தபடி எழுதுங்கள். வீட்டில் இரண்டு பேர் ஒரே மெஷினைப் பயன்படுத்தினால், மெஷின் நினைவில் ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணவரின் எண்ணை வைத்து மனைவிக்கு மருந்து கூட்டுவதற்கு அது ஒன்றே போதும்.

அளவு கட்டுக்குள் வந்துவிட்டால் தினமும் பார்க்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, டாக்டரிடம் போகும் முந்தின வாரம் மட்டும் முழு 7 நாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்ப்பவர்களுக்குப் பயமே எண்ணை ஏற்றும், ஏறிய எண் பயத்தை ஏற்றும்.

எத்தனை இருந்தால் அதிகம்?

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் இரத்த அழுத்தம் என்று பல நாட்டு வழிகாட்டுதல்கள் எடுத்துக்கொள்கின்றன. மருத்துவமனையில் பார்க்கும் 140/90க்கு இது இணை. 2017 அமெரிக்க வழிகாட்டுதலில் எல்லை 130/80. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது வயது, சர்க்கரை, சிறுநீரகம், தலைசுற்றல் எல்லாவற்றையும் பொறுத்தது. அந்த எண்ணை டாக்டரிடம் கேட்டு, மெஷின் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டில் ஒன்று எல்லையைத் தாண்டினாலே கணக்கில் வரும். மேலே சொன்ன 136/84ல் கீழ் அளவு நல்லபடி இருக்கிறது, ஆனாலும் அது அதிகம்தான். வயதானவர்களுக்கு 158/72 போல மேல் அளவு மட்டும் கூடுவது சகஜம். பெருந்தமனி விறைத்துப் போவதால் வருவது. “கீழ் அளவு நல்லா இருக்கே” என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 50 வயதுக்கு மேல் பக்கவாத ஆபத்தை அதிகம் சொல்வது மேல் அளவுதான்.

மருத்துவமனையில் மட்டும் ஏறுகிறது. வீட்டில் பார்த்தால் நார்மல்.

முறைப்படி 7 நாள் பார்த்தும் அப்படியே வந்தால், இதற்கு வெள்ளைக் கோட்டு உயர் அழுத்தம் என்று பெயர். உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம், ஆனால் பின்னாளில் நிஜமாகவே பிரஷர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்த 7 நாள் கணக்கைத் திரும்பப் போடுங்கள். இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். மருத்துவமனையில் நன்றாகவும் வீட்டில் அதிகமாகவும் இருக்கும் மறைந்த வகை, வீட்டில் பார்க்காதவரை வெளியே தெரியாது. இந்த இரண்டு வகையில் எது என்று சந்தேகம் வந்தாலும், 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் மெஷினை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

தலை வலித்தால்தான் பார்க்கிறேன். அது போதாதா?

போதாது. இரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. தலைவலி வந்தபோது பார்த்தால் எண் கூடித்தான் இருக்கும், வலி எதுவாக இருந்தாலும் அது அழுத்தத்தை ஏற்றும். பல் வலிக்கும்போது பார்த்தாலும் ஏறித்தான் இருக்கும்.

180 காட்டுகிறது. என்ன செய்வது?

முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் எண்ணை. மேல் அளவு 180க்கு மேலோ கீழ் அளவு 120க்கு மேலோ இருந்து, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முதுகைப் பிளக்கும் வலி, முகம் ஒருபக்கம் கோணுவது, கை கால் ஒருபக்கம் தளர்வது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது, குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். மறுபடி அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பக்கவாத அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான். உண்மையில் இந்த அறிகுறிகள் இருந்தால் மெஷின் 130 காட்டினாலும் கிளம்ப வேண்டியதுதான்.

அறிகுறி எதுவும் இல்லையா? அமைதியாக 5 நிமிடம் உட்காரவைத்து, பட்டையும் கையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, 1 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து பாருங்கள். பலருடைய எண் இதிலேயே கணிசமாக இறங்கும். அப்படியும் 180/120க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே டாக்டரைத் தொடர்புகொள்ளுங்கள். இன்றைய மாத்திரையை மறந்திருந்தால் அதைப் போடலாம், ஒன்றுக்கு இரண்டாகப் போடக் கூடாது.

நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைக்கும் பழைய பழக்கத்தை இன்னும் சிலர் சொல்லித் தருகிறார்கள். அது அழுத்தத்தைத் தடாலென்று இறக்கும், எவ்வளவு இறங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல காலம் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் அந்த வீழ்ச்சியால் இரத்தம் போதாமல், பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. 1990களிலேயே வேண்டாம் என்று சொல்லப்பட்ட விஷயம் இது.

மாத்திரை விஷயத்தில் அடிக்கடி கேட்பவை

காலையிலா இரவிலா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2022ல் முடிவு வெளியான ஆய்வில், இரண்டு நேரத்துக்கும் மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எந்த நேரத்தில் மறக்காமல் போடுவீர்களோ அந்த நேரம். சிறுநீர் பிரியவைக்கும் வகை மட்டும் காலையில் நல்லது, இல்லாவிட்டால் இரவில் எழுந்து நடமாட வேண்டியிருக்கும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். புது மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது நாள் எண் இறங்கவில்லை என்று கைவிட வேண்டாம், முழுப் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். எண் நன்றாகிவிட்டது என்று நீங்களே நிறுத்துவதும் கூடாது, அந்த எண் மாத்திரையால் வந்தது. அட்டெனலால், மெட்டப்ரோலால் போன்றவற்றையும் குளோனிடினையும் திடீரென்று நிறுத்தினால் துள்ளி ஏறும், ஆபத்தாகவும் முடியலாம்.

அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம். எனாலாபிரில், ராமிப்ரில் வகையில் விடாத வறட்டு இருமல் வரலாம், இருமல் மருந்துக்கு அது அடங்காது. இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு, டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் ராமிப்ரில் வகையைச் சாப்பிடுபவருக்கு உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் அது அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் ராமிப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான், சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை ஆகியவற்றைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இறங்கவில்லை

வேறு எதற்காகவோ சாப்பிடும் பொருளைத் தேடுங்கள். மூட்டு வலிக்கான இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பிரஷர் மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும். மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின், ஃபினைல்எஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஸ்டெராய்டு மாத்திரைகள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் இந்தக் கணக்கில் வரும். தொண்டைக்கு நல்லதென்று தினமும் அதிமதுரம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது அழுத்தத்தைக் கூட்டி, பொட்டாசியத்தையும் குறைக்கும்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று, தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் வலி மாத்திரை. அந்த வகைப் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு 2,000 மி.கி. சோடியம், அதாவது சுமார் 5 கிராம் உப்பு. ஐந்து மாத்திரையிலேயே முழு நாளின் அளவு முடிந்துவிடும். விழுங்கும் வகைக்கு மாறினால் தீர்ந்தது.

குறட்டை பலமாக விட்டு, நடுநடுவே மூச்சு நின்று, பகலில் தூங்கி வழிபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத்தடை, மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷருக்கு ஒரு முக்கியக் காரணம்.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது

உட்கார்ந்தோ படுத்தோ 5 நிமிடம் இருந்து ஒரு தடவை அளந்துவிட்டு எழுந்து நில்லுங்கள். நின்றபடியே 1வது நிமிடத்திலும் 3வது நிமிடத்திலும் அளக்க வேண்டும், கையை நெஞ்சு உயரத்தில் எதன்மேலாவது தாங்கி வைத்தபடி. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர்கள், வெகுநாள் சர்க்கரை உள்ளவர்கள், புராஸ்டேட்டுக்கு மாத்திரை எடுப்பவர்களிடம் இது அதிகம். உட்கார்ந்து பார்த்த எண்ணை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டினால் இவர்கள் குளியலறையில் விழுவார்கள்.

திரையில் இதயப் படம் மின்னுகிறது

துடிப்பு சீராக இல்லை என்று மெஷின் நினைக்கிறது. அசைந்ததாலும் வரலாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணிப் பாருங்கள். தாளம் தாறுமாறாக இருந்தாலோ, அந்தப் படம் பல நாள் திரும்பத் திரும்ப வந்தாலோ ஈசிஜி எடுக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கோளாறு பக்கவாதத்துக்கு வழி வைப்பது, உரிய மருந்தால் பெரிதும் தடுக்கக்கூடியது. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பும் வேறு வேறு பலத்தில் வருவதால், 1 நிமிட இடைவெளியில் மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

கர்ப்பிணிகளுக்கு?

இங்கே மட்டும் சராசரிக்காகக் காத்திருக்கக் கூடாது. 140/90 தொட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றால் நேராக மருத்துவமனை. 20 வாரத்துக்குப் பிறகு கடும் தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது இருந்தால் எண் எதுவானாலும் போங்கள். பிரசவம் ஆகி ஆறு வாரம் வரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மெஷினும் கர்ப்பிணிகளிடம் தனியாகச் சோதித்துத் தேறியதாக இருக்க வேண்டும், சாதாரண மாடல்கள் சில குறைத்துக் காட்டிவிடும்.

மெஷின் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

வருடத்துக்கு ஒரு தடவை அதை டாக்டரிடம் எடுத்துப்போங்கள். ஒரே கையில், 1 நிமிட இடைவெளியில், உங்கள் மெஷினில் இரண்டு தடவை, அவருடையதில் ஒரு தடவை, மறுபடி உங்களுடையதில் ஒரு தடவை. மேல் அளவில் வித்தியாசம் 5க்குள் என்றால் கவலை இல்லை. 10க்கு மேல் என்றால் முதலில் பட்டையை மாற்றிப் பாருங்கள், அப்படியும் தீராவிட்டால் மெஷினை மாற்றுங்கள். பெரும்பாலும் முதலில் கெடுவது பட்டைதான். ஒட்டும் பகுதி தேய்ந்து ஊதும்போது விரிந்துகொடுக்கும், குழாய் மடிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்கும் பழக்கத்தை விட்டால் இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும். மெஷினை எடுத்துப்போகும் அன்று வீட்டில் எழுதிய 7 நாள் தாளையும், பாட்டி வைத்தியப் பொடி உட்பட நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றின் பெயரையும் சேர்த்தே எடுத்துப்போங்கள்.